பழைய டெஸ்க்டாப்பை மேம்படுத்தும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த டெஸ்க்டாப்பைத் திறந்து, கூடுதல் ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு எஸ்எஸ்டி, முடிந்தால் ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று போட்டு மறுபடி ஓடவைப்பது மிக நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அந்த வேலையில் பாதி நேரம் கோளாறு தேடுவதில்தான் போகும். தேடும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாகமே செத்துப்போயிருப்பது குறைவு. பெரும்பாலும் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் சிக்கல் இருக்கும்: முழுதாக அமராத கனெக்டர், ஒத்துவராத ஜோடி, பயாஸில் (கணினி ஓடத் தொடங்கும்போது முதலில் இயங்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) மாற்றாமல் விட்ட ஓர் அமைப்பு, போதாத மின்சாரம். புதிதாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு வசதியாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரேமைப் போட்டு ஓரிரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் எஸ்எஸ்டி. அதன் பிறகு கிராபிக்ஸ் கார்டு. எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாட்டிவிட்டுத் திரை கருப்பாக நின்றால், சந்தேகப்பட மூன்று பேர் இருப்பார்கள். யாரை விசாரிப்பது என்றே தெரியாது.

## கை வைப்பதற்கு முன்

பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் பேக்கப் எடுங்கள். கேபினட்டைத் திறந்ததும், எதையும் கழற்றுவதற்கு முன் ஃபோனில் நாலைந்து படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் எந்த பின்னில் இருந்தன என்பது அப்போதுதான் மறக்காது. மதர்போர்டின் மாடல் எண் போர்டின் மேலேயே, பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவில், அச்சிடப்பட்டிருக்கும். அதை வைத்து அந்த போர்டின் கையேட்டைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் பல விஷயங்களுக்கு இறுதித் தீர்ப்பு அந்தக் கையேடுதான்.

வேலை செய்யும்போது பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்; போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பாகங்களைத் தொடுவதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடாது.

## பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்ச், பவர் கார்டு, சுவர் பிளக் மூன்றையும் முதலில் பாருங்கள். அடுத்த சந்தேகம் முன்பக்கப் பட்டனின் ஒயர்மேல் விழ வேண்டும். ரேமையோ கேபிளையோ மாட்டும்போது கை பட்டு அது கழன்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கையேட்டில் பவர் சுவிட்ச்சுக்கான இரண்டு பின்களைக் கண்டுபிடித்து, ஒயரை எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டையும் ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொடுங்கள். கணினி ஓடத் தொடங்கினால் கோளாறு பட்டனில் அல்லது அதன் ஒயரில். இந்த இரண்டு பின்களுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் கிடையாது. விளக்குகளுக்கான பின்களுக்குத்தான் உண்டு.

அப்போதும் அசைவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், மதர்போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கனெக்டரின் ஊதா ஒயருக்கும் கருப்பு ஒயருக்கும் இடையே 5 வோல்ட் காட்ட வேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் வரும் காத்திருப்பு மின்சாரம் அது. அது இருக்கிறது என்றால் அடுத்த கட்டம்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எல்லா கனெக்டர்களையும் போர்டிலிருந்து கழற்றுங்கள். ஒரு கேபினட் ஃபேனை மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கருப்பு ஒயரையும் வளைத்த காகித கிளிப்பால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருந்தால் சரி. ஏடிஎக்ஸ் தரம் அனுமதிக்கும் 5% ஏற்ற இறக்கம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. நிறுவனங்கள் முழு செட்டாக விற்ற பிராண்டு டெஸ்க்டாப்புகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டர் அவர்களுக்கே உரிய வடிவத்தில் இருக்கும். அங்கே 24 பின் இருக்காது; ஒயர் நிறங்களையும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட கணினிக்கு வெளியிலிருந்து எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் கனெக்டரின் பின்களை எண்ணிப் பாருங்கள்.

## ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு

மேம்படுத்தும்போது அதிகம் பயமுறுத்தும் அறிகுறி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் போனால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

முதலில், மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்த கார்டில்தான் இருக்க வேண்டும். கார்டு இருக்கும்போது மதர்போர்டின் சொந்த வெளியீட்டைப் பல போர்டுகள் தானாக அணைத்துவிடும்.

அடுத்து, பிராசஸர் அருகே 4 பின் அல்லது 8 பின்னில் வரும் தனி பவர் கனெக்டர். பெரிய 24 பின்னை மாட்டிவிட்டு இதை விட்டுவிட்டால் ஃபேன்கள் எல்லாம் ஜோராகச் சுற்றும். பிராசஸருக்கு மட்டும் மின்சாரம் போகாது.

அப்புறம் ரேம். இந்த அறிகுறிக்கு மிகப் பெரிய காரணம் இதுதான். எல்லா ரேமையும் கழற்றி, பழைய ரேம் ஒன்றை மட்டும் கையேடு சொல்லும் முதல் ஸ்லாட்டில் வையுங்கள். இரண்டு முனையும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். பழைய போர்டுகளில் இதற்குப் பயப்படாமல் நல்ல அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். ரேமின் தங்க நிறத் தொடுமுனைகள் மங்கியிருந்தால் வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடையுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருந்த ரேமில் இந்த ஒன்றே போதுமானதாக இருப்பது சகஜம். பழைய ரேமில் ஓடுகிறது, புதியதில் ஓடவில்லை என்றால் பொருத்தப் பிரச்சினை. அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

போர்டில் சிறிய ஸ்பீக்கர் இருந்தால் அது எழுப்பும் பீப் ஒலியை எண்ணுங்கள். ஏஎம்ஐ பயாஸில் மூன்று பீப் என்றால் ரேம், எட்டு என்றால் கிராபிக்ஸ் நினைவகம். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் வந்தால் கிராபிக்ஸ். பிராண்டு கணினிகள் தனிக் கணக்கு வைத்திருக்கும். அதற்கு அவற்றின் கையேடுதான் கதி. உங்கள் போர்டில் ஸ்பீக்கர் இல்லையென்றால் நான்கு பின் கொண்ட குட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இவ்வளவு பயன் தரும் சின்னப் பொருள் வேறு இல்லை.

ரேமும் பதில் தரவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சிமாஸை அழியுங்கள். பவர் கார்டைப் பிடுங்கி, வட்ட பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பிடித்து அழுத்திவிட்டு, பத்து நிமிடம் விடுங்கள். போர்டில் அதற்கென்று ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு மூடி) இருந்தால் அதைக் கையேட்டில் சொன்னபடி மாற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பழைய பாகத்துக்காக பயாஸ் நினைவில் வைத்திருந்த அமைப்பு புதிய பாகத்தைத் தடுப்பது உண்டு.

நீங்கள் மாற்றியது பிராசஸர் என்றால் விசாரணை வேறு பக்கம் போகும். சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இன்டெல்லின் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையும் 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறையும் உட்காரும். ஆனால் சாண்டி பிரிட்ஜுக்காக வந்த போர்டு பயாஸைப் புதுப்பிக்காமல் ஐவி பிரிட்ஜை அடையாளம் காணாது. எனவே பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகவே கூடாது. அதற்குப் பிறகு வந்த எல்ஜிஏ 1150-க்கான பிராசஸர் 1155-இல் உட்காரவே உட்காராது. இன்டெல் போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. பிராசஸரைத் தூக்கிப் பார்த்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, வரிசையில் வளைந்த பின் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் கருப்புத் திரைதான் என்றால், போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் கேபினட்டுக்குள் ஏதோ ஓர் உலோகம் போர்டின் அடிப்பக்கத்தைத் தொடுகிறது என்று பொருள்.

## ஒரு நொடி ஓடி அணைகிறது, மறுபடி ஓடி அணைகிறது

ரேம் மாற்றிய பிறகு முதல் முறை மட்டும் ஓரிரு தடவை இப்படி நடந்து, பிறகு சரியாக ஓடினால் கவலை வேண்டாம். போர்டு புதிய ரேமுக்கான வேகத்தைப் பழகிக்கொள்கிறது. நிற்காமல் தொடர்ந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது: கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் நிற்கும், போர்டைத் தாங்குவதற்கான பித்தளை ஸ்டாண்ட்ஆஃப், கீழே விழுந்து மறைந்த ஸ்க்ரூ, தலைகீழாகச் செருகிய யுஎஸ்பி முன்பக்க ஒயர். ஷார்ட்டைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் இடையே பவர் கார்டைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

ஐந்து பத்து நொடி ஓடிய பிறகு அணைகிறது என்றால் பெரும்பாலும் சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் பிராசஸரோடு ஒட்டவில்லை.

## ரேம் போட்டாயிற்று, முழு அளவு காட்டவில்லை

8 ஜிபி போட்டும் 3.25 அல்லது 3.5 ஜிபி மட்டும் பயன்படுகிறது என்று விண்டோஸ் சொன்னால், அது 32 பிட் விண்டோஸ். ரேமில் குறை இல்லை. 64 பிட் பதிப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும். 64 பிட்டாக இருந்தும் குறைகிறது என்றால், விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் கருவியின் பூட் பகுதிக்குள் மேம்பட்ட அமைப்புகளில் அதிகபட்ச நினைவகம் என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். போர்டின் சொந்த கிராபிக்ஸும் கொஞ்சம் ரேமை எடுத்துக்கொள்ளும், அது இயல்பு.

பயாஸே பாதி ரேமைத்தான் காட்டுகிறது என்றால் கதை வேறு. இரண்டு ரேமில் ஒன்றை மட்டும் காண்பது, ஒரு பக்க ஸ்லாட்டுகள் முழுக்க வேலை செய்யாமல் இருப்பது போன்றவற்றுக்குப் பிராசஸர் சாக்கெட்டின் வளைந்த பின்னும், ஒரு பக்கமாக அதிகம் இறுக்கிய கூலரும் காரணமாகலாம். ரேமைச் சோதிக்கும் அவசரத்தில் கூலரை யாரும் நினைப்பதில்லை. ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சமமாக இறுக்கிப் பாருங்கள்.

பொருத்தம் என்ற பெரிய விஷயத்துக்கு வருவோம். ரேமின் இரு தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் போடவே முடியாது; ஒன்றில் 240 பின், மற்றதில் 288. பிரச்சினை வருவது ஒரே தலைமுறைக்குள்தான். பயன்படுத்திய சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கும். பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. சாதாரண டெஸ்க்டாப் போர்டில் அது ஓடாது. 'ஏஎம்டி-க்கு மட்டும்' என்று போட்டு விற்கும் ரேமும் இன்டெல் போர்டில் ஓடாது. அதன் சில்லுகள் அடுக்கப்பட்ட முறையே வேறு. இன்னொன்று, பழைய சிப்செட்டுகள் பல, ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி வந்தால் ஏற்றுக்கொள்ளாது. அதே 8 ஜிபியை இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகளாகக் கொடுத்தால் ஏற்கும். ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கையேட்டில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். வாங்கும் முன் இரண்டையும் பாருங்கள். வேகம் மாறுபட்டால் பயம் இல்லை. 1333-ஐயும் 1600-ஐயும் சேர்த்தால் இரண்டும் 1333-இல் ஓடும்.

## திடீர் ரீஸ்டார்ட், ப்ளூ ஸ்கிரீன்

எப்போது நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைப்பெயரோடு ப்ளூ ஸ்கிரீன் வந்தால் ரேம். ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஜோடி சரியில்லை. ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே சோதியுங்கள். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால், பயாஸில் வேகத்தை ஒரு படி குறைத்தாலே பலமுறை அமைதியாகிவிடும்.

கேம் ஆரம்பித்ததும் அல்லது வீடியோ மாற்றும் வேலை கொடுத்ததும் ப்ளூ ஸ்கிரீன் கூட இல்லாமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ். அதன் லேபிளில் பெரிய எழுத்தில் போட்ட வாட் கணக்கைப் பார்க்காதீர்கள்; 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட். பிராசஸருக்கு 95, கார்டுக்கு 120 என்று வைத்தால் அதிலேயே 215 போய்விட்டது. ஃபேனுக்கும் டிஸ்க்குக்கும் மிச்சமே இல்லை. பெட்டியில் 450 என்று எழுதியிருந்தாலும் இதுதான் நிலைமை. பழைய எஸ்எம்பிஎஸ்களில் 5 வோல்ட் வரிசைக்குத்தான் அதிகம் ஒதுக்கியிருப்பார்கள். இன்றைய பிராசஸரும் கார்டும் கேட்பது 12 வோல்ட். மேம்படுத்துவதில் ஒரே ஒரு பாகத்தைப் புதிதாக, நல்ல தரத்தில் வாங்க முடியும் என்றால் நான் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சொல்வேன். மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

## எஸ்எஸ்டி தெரியவில்லை, அல்லது பூட் ஆகவில்லை

பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி எஸ்எஸ்டி என்பதால் இதில் கொஞ்சம் நிற்போம்.

பயாஸிலேயே தெரியவில்லை என்றால் டேட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு சாட்டா போர்ட்டில் (டிஸ்க்கின் டேட்டா கேபிள் போர்டில் சேரும் இடம்) செருகுங்கள். சில போர்டுகளில் சில போர்ட்டுகளை பயாஸில் இயக்கினால்தான் வேலை செய்யும். சாட்டா பவர் கனெக்டர் போதாமல் நான்கு பின் மோலக்ஸிலிருந்து அடாப்டர் போடுவதாக இருந்தால், கனெக்டருக்குள் ஒயரை வார்த்து ஒட்டிய வகையைத் தவிர்த்து, ஒயரின் மேல் தனியாகப் பொருத்தி அழுத்திய வகையை வாங்குங்கள். வார்த்த வகைக்குள் ஷார்ட் ஆகி எரிவது இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்த ஆபத்து.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் டிரைவ் எழுத்து இல்லை என்றால் அது புத்தம் புதிய டிஸ்க். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்து பார்ட்டிஷன் உருவாக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்த பிறகு பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ என்ற பழைய முறையிலிருந்து ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றியதும் ப்ளூ ஸ்கிரீன் வருகிறதா? விண்டோஸ் பூட் ஆகும்போது ஏற்ற வேண்டிய டிரைவரை அது ஏற்றவில்லை. விண்டோஸ் 10-இல் இதற்குச் சுலபமான வழி உண்டு. பயாஸில் பழைய முறைக்கே திரும்பி விண்டோஸுக்குள் போங்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். உடனே பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் ஏறும்போது விண்டோஸ் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையே இல்லை.

இன்னொரு பழக்கமான புகார்: எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போட்டு நன்றாக ஓடியது, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் பூட் செய்ய எதுவும் இல்லை என்கிறது. இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்ததால் பூட் லோடர் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்டால் முடியும்வரை எஸ்எஸ்டி தவிர மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்தால் இந்தத் தொல்லை வரவே வராது. வந்துவிட்டால் விண்டோஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருக்கும் நிலையில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டிப் பாருங்கள். பலிக்கவில்லை என்றால் மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் சுருக்கு வழி.

கார்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டரில், சாட்டாவை விட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட்டீர்கள், விண்டோஸில் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை. 2014-க்கு முந்தைய போர்டுகள் பெரும்பாலானவற்றின் பயாஸுக்கு என்விஎம்இ-யிலிருந்து பூட் செய்யத் தெரியாது. அதை டேட்டா டிஸ்க்காக வைத்துக்கொண்டு, விண்டோஸுக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள்.

வேகச் சோதனையில் 550 வர வேண்டிய இடத்தில் நொடிக்கு 270 மெகாபைட்தான் வருகிறது என்று மனம் உடைய வேண்டாம். உங்கள் போர்ட் 3 ஜிகாபிட் வகை. போர்டில் 6 ஜிகாபிட் போர்ட் ஒன்றிரண்டு இருந்தால் அவை பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். அதற்கு மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கணினியை நிதானமாக்கியது பெரிய கோப்புகள் அல்ல, ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி ஓடுவது. ஹார்டு டிஸ்க்கின் ஊசி ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லிநொடி அளவில் எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். அந்த வித்தியாசம் 3 ஜிகாபிட் போர்ட்டிலும் முழுதாகக் கிடைக்கும்.

எஸ்எஸ்டி இடையிடையே சில நொடி உறைந்து நிற்கிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, ஸ்மார்ட் என்ற டிஸ்க் நல விவரத்தில் சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்த தடவைகள்) எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் பழுது டிஸ்க்கில் இல்லை, கேபிளில். அந்த எண் கேபிளை மாற்றினாலும் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது. பழைய ஹார்டு டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால் அதே இடத்தில் ரீஅலொகேட்டட் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), பெண்டிங் (பழுதாகியிருக்கக்கூடிய பகுதிகள்) என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். பெண்டிங் ஏறும் டிஸ்க்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

## புதிய கிராபிக்ஸ் கார்டு

கார்டின் ஃபேன் சுற்றியும் படம் வரவில்லை என்றால் கார்டின் தலையில் இருக்கும் 6 பின் அல்லது 8 பின் பவர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. பவர் சரியாக இருந்தும் படம் இல்லை என்றால் போர்டின் பயாஸ் பழைய வகையாக இருந்து, கார்டு, பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ-யை மட்டும் எதிர்பார்க்கலாம். பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு தலைமுறை பழைய கார்டுக்குப் போவதே நிம்மதி.

படம் வருகிறது, சொன்ன வேகம் இல்லை. சில மலிவான புதிய கார்டுகள் நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் உள்ளே நான்கு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அப்படிப்பட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 போர்டில் அது குறையாகத் தெரியாது. பதிப்பு 2 அல்லது 3 கொண்ட பழைய போர்டில் நன்றாகவே இடிக்கும். இன்டெல் ஆர்க் கார்டுகள், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. பழைய போர்டில் அது இல்லாததால் அவற்றை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## எல்லாம் வேகமாயிற்று, யூடியூப் மட்டும் திக்குகிறது

எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகு நிறையப் பேர் குழம்பும் இடம் இது. யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவில் வீடியோ அனுப்புகிறது. அவற்றைப் பிரித்தெடுக்கும் வன்பொருள் பழைய கிராபிக்ஸில் இல்லாததால் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. பழைய கிராபிக்ஸுக்கும் பிரிக்கத் தெரிந்த எச்.264 வடிவத்தையே கேட்க வைக்கும் நீட்டிப்பை உலாவியில் சேர்த்தால் உடனே தெளிவாகும். ஆனால் 1080-க்கு மேற்பட்ட தரம் கிடைக்காது. கார்டாகவே தீர்க்க நினைத்தால் ஜிடி 1030 போதும். 30 வாட்தான் எடுக்கும், தனி பவர் வேண்டாம், விபி9-ஐத் தானே பிரிக்கும்.

## சூடும் இரைச்சலும்

சும்மா இருக்கும்போதே பிராசஸர் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அல்லது வேலை கொடுத்தால் 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க்கைக் கழற்றியாக வேண்டும். பிராசஸருக்கும் அதற்கும் நடுவே காய்ந்து போன, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதியதை வைத்து மூடுங்கள். இன்டெல்லின் பழைய கூலர்களில் நான்கு மூலைப் பின்களும் போர்டின் அடியில் வெளிவந்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் நான்கும் இறங்கியது போலவே இருக்கும். அடியில் பார்த்தால்தான் ஒன்று பாதியில் நிற்பது தெரியும். தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

## தேதி தவறு, இணையதளங்கள் திறக்கவில்லை

பல தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டுகின்றன என்றால் நெட்டைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் இருக்க வேண்டியது அது. மாற்றியதும் பயாஸில் சாட்டா முறையை மறுபடி சரிபாருங்கள். பேட்டரி தீர்ந்தபோது அது ஐடிஇ-க்குத் திரும்பியிருந்தால், மேலே சொன்ன அந்த ப்ளூ ஸ்கிரீன் வந்து நிற்கும்.

## விண்டோஸ் 11 ஏறவில்லை

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். தடையைத் தாண்டி ஏற்றும் தந்திரங்கள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசஸரில் இல்லாவிட்டால் பூட்டே ஆகாது. கோர் 2 டுவோவிலும் கோர் 2 குவாடிலும் அது இல்லை. எந்தத் தந்திரமும் அங்கே உதவாது. இப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முழு மனதோடு சொல்வேன். 4 ஜிபி ரேமிலும் ஓடும். உலாவியில் நிறைய டேப் திறப்பவர் என்றால் 8 வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாம்.

## போர்டை விட்டுவிட வேண்டிய நேரம்

பிராசஸரைச் சுற்றி நிற்கும் கபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடாக உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கசிவு இருந்தாலோ அந்த போர்டில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது பரவலாக நடந்தது. சால்டரிங் கை பழகியவர் அதே வோல்ட்டும் மைக்ரோஃபாரடும் கொண்ட, குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) உள்ள கபாசிட்டர்களாக மாற்றிவிடலாம். அதுவும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதிதான். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால், ஏற்கனவே பயன்படுத்திய போர்டும் பிராசஸரும் சேர்ந்த ஜோடி ஒன்றைத் தேடுங்கள். எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு மூன்றும் அதற்குள் அப்படியே போய்விடும். ரேமை மட்டும் கொண்டுபோக முடியுமா என்பது புதிய போர்டு டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்பதைப் பொறுத்தது.